கேம்கார்டர் வீடியோவில் இருந்து எடுத்த படத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள்: என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். எங்கள் பாட்டிக்கு நல்ல புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. பழைய மினி டிவி (MiniDV) கேம்கார்டர் கேசட் ஒன்றில் அவர் திரும்பிப் பார்த்து, கையசைத்துச் சிரிக்கும் காட்சி நான்கே விநாடி வருகிறது. ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஓடும்போது பளிச்சென்றுதான் இருக்கிறது. நிறுத்திவிட்டுப் பிரிண்ட் ஸ்கிரீன் அடித்தால், கை முழுக்கச் சீப்பால் வாரிய மாதிரி கிடைக்கோடுகள். ஓர் எடிட்டிங் மென்பொருளில் அந்த ஃபிரேமை (வீடியோவின் ஒரு தனிப்படத்தை) சேமித்தேன்; கோடும் போகவில்லை, முகமும் ஒல்லியாகிவிட்டது. கேசட் கெட்டுவிட்டதா?

பதில்:
கேசட்டில் குறை இல்லை. அந்தக் கால கேம்கார்டர் ஒரு ஃபிரேமை ஒரே தடவையில் எடுக்காது. பால் (PAL) எனும் வீடியோ முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு, அதாவது இரண்டு பாதிப் படம். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை. நடுவில் 1/50 விநாடி. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள், அங்கே கோடு இருக்காது.

விஎல்சி (VLC) வீடியோ பிளேயரில் திறந்து, வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (Deinterlace, இந்தக் கோடுகளை நீக்கும் வசதி) ஆன் செய்து, டீஇன்டர்லேஸ் மோடில் யாடிஃப் (Yadif) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் இ (E) விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். வேண்டிய இடத்தில் ஷிப்ட்டையும் எஸ் (S) விசையையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் படம் பிக்சர்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும். தரம் குறையாத பிஎன்ஜி (PNG) வடிவிலேயே சேமியுங்கள். பிரிண்ட் ஸ்கிரீன் வேண்டாம், அது திரையின் அளவுக்கு இழுத்த படத்தைத்தான் பிடிக்கும்.

முகம் ஒல்லியானதற்குக் காரணம், இந்த வீடியோவின் 720×576 அளவில் பிக்சல் (படப்புள்ளி) சதுரமாக இல்லாததுதான். சேமித்த படத்தை 768×576 ஆக்கினால் சரியாகிவிடும்.

கேட்டவர்:
கோடு போயே போய்விட்டது, நன்றி! ஆனால் கை மங்கலாகவே இருக்கிறது. பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாமா?

இன்னொருவரின் பதில்:
அந்த மங்கல் படம் பிடித்தபோதே விழுந்தது, எந்த மென்பொருளும் அதை முழுதாக எடுக்காது. வேறு ஃபிரேம் தேடுங்கள். கையசைக்கும்போது கை ஒரு பக்கம் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும். அந்த இடம்தான் தெளிவாக இருக்கும். நான்கு விநாடி என்றால் 100 ஃபிரேம். டீஇன்டர்லேஸ் மோடில் யாடிஃப் 2 எக்ஸ் (Yadif 2x) போட்டால் ஃபீல்டுக்கு ஒன்றாக 200 கிடைக்கும்.

பெரிதாக்குவதில்தான் சிக்கல். மொத்தமே அரை மெகாபிக்சலுக்கும் குறைவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் அகலம் இரண்டரை அங்குலம்தான். ஆறு அங்குலம் வரை கண்ணுக்கு உறுத்தாது. செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்கும் மென்பொருள் பக்கம் போகாதீர்கள் என்பேன். இல்லாத பல்லையும் சுருக்கத்தையும் அதுவாக வரைந்துவிடும். பார்த்தால் பாட்டியின் தங்கை மாதிரி இருப்பார்.

கேட்டவர்:
143-ஆவது படம்! கை உச்சியில் நிற்கிறது, வளையல்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. ஆறு அங்குலத்திலேயே பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டேன்.