முடக்குவாதம்: மரபணு சுவிட்சையே அணைக்க முடியுமா?

கோபி_கட்டுத்தரை:
அம்மாவுக்கு ஆறு வருசமா முடக்குவாதம். வெள்ளென எழுந்தா விரல் மடங்காது, வெந்நீரில் கையை வைத்து எடுத்த பிறகுதான் பால் கறக்க முடிகிறது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வலியை அடக்குகிறது, ஆனால் முகம் ஊதி, சர்க்கரையும் ஏறிவிட்டது. அழற்சி மரபணுக்களை இயக்குகிற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்ற புரதங்களையே குறிவைத்து மருந்து தேடுகிறார்களாம். அதுதானே சரியான வழி?

பெருந்துறை_மருந்துக்கடை:
தம்பி, அம்மா சாப்பிடுகிற ஸ்டீராய்டே அந்த வழிதாங்க. அது செல்லுக்குள் போய் ஒட்டுகிற ரிசெப்டர் என்ற புரதமே ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். அது என்எஃப்-கப்பா-பி என்ற இன்னொன்றை அடக்குவதால் வீக்கம் குறைகிறது, அந்த ரிசெப்டரே ஈரலில் சர்க்கரை செய்யும் மரபணுக்களைத் தூண்டுவதால் சுகர் ஏறுகிறது. 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற டாக்டர் முடக்குவாதத்துக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார், 1950ல் நோபலும் வந்தது, பக்கவிளைவு மட்டும் இன்றைக்கும் போகவில்லை. களை காயட்டும் என்று மடையை அடைத்தால் மஞ்சள்காடும் சேர்ந்துதான் காயும்.

ஈரோட்டு_மஞ்சள்:
நம்ம மஞ்சளில் இருக்கிற குர்க்குமினும் என்எஃப்-கப்பா-பியை அடக்குமே, பாலில் போட்டுக் கொடுங்க.

பெருந்துறை_மருந்துக்கடை:
ஆய்வகத்தில் வளர்க்கிற செல்லில் அடக்கும்தான். வாயில் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவது ரொம்பக் கொஞ்சம். சமையலுக்குப் போடுங்க, மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

நொய்யல்_பயோடெக்:
அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். என்எஃப்-கப்பா-பி உடலில் பல வேலைக்கும் வேண்டும், அதன் ரெல்-ஏ பகுதி இல்லாத எலிகள் ஈரல் அழிந்து கருவிலேயே செத்ததை 1995லேயே காட்டிவிட்டார்கள். அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கணுமா? ஸ்டாட்-6 என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரைப் பாருங்க, அது பெரும்பாலும் அலர்ஜி வகை அழற்சிக்கானது. செல்லின் குப்பை அள்ளும் ஏற்பாட்டிடமே அதைப் பிடித்துக் கொடுக்கிற மாத்திரை மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. கரப்பான் என்ற தோல் நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும்தான், முடக்குவாதத்துக்கு இல்லை, ஆனால் வழி திறந்திருக்கிறது.

பெருந்துறை_மருந்துக்கடை:
ஆர்ஓஆர்-காமா-டி என்ற இன்னொரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு அதைத் தடுக்கலாம் என்று இறங்கினார்கள், ஆனால் அது இல்லாத எலிகளுக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் புற்று வந்தது, பல மருந்துகள் பாதியிலேயே நின்றன. ஸ்டாட்டுக்கு முன்படியான ஜாக் என்ற நொதியைத் தடுக்கிற டோஃபாசிடினிப் என்ற முடக்குவாத மாத்திரை 2012ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி, 2021ல் இதயம், ரத்தக்கட்டு, புற்று என்று கடும் எச்சரிக்கையும் வாங்கியது. முதலில் நோயாளி, அப்புறம்தான் நம்பிக்கை.

நொய்யல்_பயோடெக்:
அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் அது புழக்கத்தில் இருக்கே அண்ணா, யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கவனம் கூடியிருக்கிறது. பக்கவிளைவுக்குப் பயந்து தேடுவதையே விட்டால் இந்த அம்மாவுக்குக் கடைசிவரை ஸ்டீராய்டுதானா?

கோபி_கட்டுத்தரை:
அப்போ ஸ்டீராய்டை இன்றைக்கே நிறுத்திடட்டுமா?

பெருந்துறை_மருந்துக்கடை:
வேண்டவே வேண்டாம் தம்பி! நாள்பட சாப்பிட்டவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும், சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்தும் தருகிறார்களா, எவ்வளவு என்று சீட்டைப் பார்த்துச் சொல்லுங்க.

நொய்யல்_பயோடெக்:
இதில் அண்ணா பக்கம்தான் நானும். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்கணும்.

கோபி_கட்டுத்தரை:
சரிங்க. வாரம் ஒரு மாத்திரை என்று எழுதியிருக்கு, பெயர் தெளிவாக இல்லை. அட்டையை எடுத்துப் பார்க்கிறேன்.