கல்லாவில் நடக்கும் சின்னச் சின்ன ஏமாற்று: கண்டுகொள்ளாமல் விடலாமா?

கல்லாப்பெட்டி:
விலை ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவது, இரண்டு நாள் உடுத்திவிட்டு "அளவு சரியில்லை" என்று திருப்புவது, சின்ன நோட்டைக் கொடுத்துவிட்டுப் பெரிய நோட்டு என்று சாதிப்பது. இதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. நிகர லாபம் 5 சதவீதம் உள்ள கடையில் 100-க்குக் கொள்முதல் செய்த பொருள் ஒன்று போனால், அந்த நஷ்டத்தை எடுக்க 2,000-க்கு விற்க வேண்டும். பிடிபட்டவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், அடுத்த முறை வந்தால் விற்க மறுக்க வேண்டும். நேர்மையாக வாங்குகிறவர் தலையில் இந்தச் செலவு ஏறுவது அநியாயம்.

தராசுமுள்:
கணக்கு சரிதான் நண்பரே. ஆனா அந்த நஷ்டத்துல வாடிக்கையாளர் பங்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிப்பீங்க? சரக்கு குறையுறதுக்கு வாடிக்கையாளர் கை மட்டும் காரணம் இல்ல. ஊழியர் கை இருக்கு, சப்ளையர் குறைச்சு அனுப்புறது இருக்கு, நாமளே பில்லுல தப்பாப் பதியுறதும் இருக்கு. இருப்பு எண்ணும்போது எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாத்தான் தெரியும். சரக்கு இறங்கும்போதே எண்ணி வாங்காத கடை, வர்றவங்களைச் சந்தேகப்பட்டு என்ன பயன்?

நோட்டுத் தகராறையே எடுத்துக்குங்க. அது பாதிக்கு மேல நம்ம பழக்கத்தால வர்றது. வாங்குன நோட்டை உடனே டிராயருக்குள்ள போட்டுட்டா, அப்புறம் எது அவர் கொடுத்ததுன்னு யாருக்கும் தெரியாது. நோட்டை வாங்கும்போதே மதிப்பைச் சத்தமாச் சொல்லணும். டிராயர் மேல குறுக்கா வெச்சுட்டு, மீதியை அவர் கையில எண்ணிக் கொடுத்து, அவர் சரின்னதும்தான் உள்ளே போடணும். மீதி எண்ணுற நேரத்துல "இந்த நோட்டுக்கும் சில்லறை குடுங்க"ன்னு குறுக்கே கேட்டா, முதல் கணக்கை முடிச்சுட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். ரெண்டு கணக்கைக் கலக்குறதுலதான் அந்த ஏமாத்தே இருக்கு.

கல்லாப்பெட்டி:
அத்தனையும் செய்த பிறகும் ஒருவர் சாதித்தால்?

தராசுமுள்:
அந்த இடத்துலயே கல்லாவை எண்ணுங்க. ஆரம்ப இருப்போட அதுவரைக்கும் வந்த ரொக்க விற்பனையைக் கூட்டி, வெளியே போன ரொக்கத்தைக் கழிச்சா, கையில இருக்க வேண்டிய தொகை வரும். அவர் சொல்ற அளவுக்குப் பணம் கூடுதலா இருந்தா அவர் சொல்றது பெரும்பாலும் உண்மை, கொடுத்துடுங்க. சரியா இருந்தா, "எண்ணிப் பார்த்தோம், கணக்கு நேரா இருக்கு"ன்னு சொன்னாப் போதும். பொய் சொல்றீங்கன்னு ஒரு வார்த்தை வேண்டாம்.

பார்சல்கட்டு:
இணையத்தில் விற்பவர்களுக்குக் கல்லா எண்ணும் வசதி இல்லை. "பெட்டியில் ஒன்று குறைகிறது" என்ற புகார்தான் எங்களுக்குத் தலைவலி. மூடுவதற்கு முன் திறந்த பெட்டியை பில்லோடு சேர்த்து ஒரு படம், ஒட்டிய பின் தராசில் வைத்த எடையோடு ஒரு படம். கூரியர் ரசீதில் உள்ள எடையும் இதுவும் ஒத்துப்போனால், பொருள் கடையில் விடுபட்டதா என்ற கேள்வி முடிந்துவிடும். வழியில் பிரிக்கப்பட்டதா என்பதை ஒட்டுநாடா காட்டும். ஒன்று மட்டும்: மிக இலேசான பொருளுக்கு எடை உதவாது, படம்தான் சாட்சி.

பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் நம்ப வேண்டாம். நம் கணக்கில் வரவு வந்ததை நம் போனில் பார்த்த பிறகே பொருள் கை மாற வேண்டும்.

கல்லாப்பெட்டி:
உடுத்திவிட்டுத் திருப்புவதற்கு எதைச் சொல்வீர்கள்? அங்கே தராசும் இல்லை, கல்லாவும் இல்லை. நான் சொல்வது, திருப்புவதையே நிறுத்துங்கள்.

தராசுமுள்:
அதுல எனக்கு உடன்பாடே இல்ல. அளவு தெரியாம வாங்குற புது ஆள், மாத்தித் தருவாங்கங்கிற தைரியத்துலதான் வாங்குறார். கழுத்துக்கு உள்ளே இருக்கிற டேக்கை மறைச்சுட்டு உடுத்த முடியும். அதை முன்பக்கம் வெளியே தெரியுற மாதிரி, வெட்டினா மறுபடி கட்ட முடியாத பூட்டுக் கயிறுல மாட்டுங்க. டேக் இருந்தா மாற்று, இல்லன்னா இல்லைன்னு பில்லுலயும் கல்லாப் பக்கத்துலயும் வாங்குறதுக்கு முன்னாடியே தெரியணும். மின்சாதனம்னா வரிசை எண்ணை பில்லுல எழுதுங்க. பழசைக் கொண்டுவந்து புதுசுக்கு மாத்துறது நின்னுடும்.

ஸ்டிக்கருக்கு, உரிச்சாக் கிழியுற கீறல் போட்ட லேபிள் கிடைக்குது. மீறி மாத்தியிருந்தா, "ஸ்டிக்கர் மாறியிருக்கு, சரியான விலை இது, போடவா?"ன்னு கேளுங்க. தெரியாம எடுத்தவருக்கும் அவமானம் இல்ல, தெரிஞ்சு செஞ்சவருக்கும் பொருள் போகல.

கல்லாப்பெட்டி:
தெரிந்து செய்தவர் நாளை வேறு ஊழியரிடம் முயல்வார். உங்கள் முறையில் அவருக்கு இழப்பே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஊழியருக்கும் கவனமாக இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வரும். இதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

பார்சல்கட்டு:
அதற்குக் குறிப்பேடு போதும்: தேதி, பொருள், தொகை, என்ன சொன்னார். இவ்வளவு தொகை வரை ஊழியரே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் உரிமையாளர் என்று வரம்பு வையுங்கள். ஒரே ஆள் மூன்றாம் முறை வந்தால் உரிமையாளரே தனியாகப் பேசட்டும். கேமராப் படத்தைச் சுவரில் ஒட்டுவதும், பையைப் பிடுங்கிச் சோதிப்பதும் வேண்டவே வேண்டாம். ஆள் மாறிப்போனால் வழக்கு கடைக்காரர் மீதுதான் வரும்.

கல்லாப்பெட்டி:
படம் ஒட்டுவது தவறு, ஒப்புக்கொள்கிறேன். மூன்று முறை வரை காத்திருப்பதை ஒப்பமாட்டேன். ஸ்டிக்கர் மாற்றியதற்கு கேமராவில் தெளிவான பதிவு இருந்தால், முதல் முறையே தனியாக அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.

தராசுமுள்:
அவர் கை ஸ்டிக்கரை உரிக்கிறதே பதிவுல தெரிஞ்சா, சரி. மாறின ஸ்டிக்கரோட கல்லாவுக்கு வந்தது மட்டும் தெரிஞ்சா, வேண்டாம். அவருக்கு முன்னாடி யாரோ மாத்திட்டு, தைரியம் இல்லாம அலமாரியில வெச்சுட்டுப் போயிருக்கலாம்.