‘ஊக்கமருந்து’ வேண்டாம், ‘நரம்புமுடுக்கி’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

நம் துண்டுப்பிரசுரத்தில் ஐஸ் (மெத்தம்பெட்டமைன்), கொக்கெய்ன் முதலான ‘stimulant’ வகைப் பொருள்களுக்கு ‘ஊக்கமருந்து’ என்று பெயர் வைத்துக்கொள்வதை நான் அறவே ஏற்கவில்லை. பாடசாலையில் ஊக்கப் பரிசு கொடுக்கிறோம். தோட்டத்து இளைஞர் கையில் போகப்போகிற துண்டுப்பிரசுரத்தில் இந்த நஞ்சுக்கும் அதே பெயரா? ‘ஊக்கி’ என்று சுருக்கினாலும் தொல்லைதான். இலங்கைப் பாடநூலில் அது இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் பொருள்.

‘போதைப்பொருள்’ என்பதே போதாதா என்று கேட்ட அண்ணனுக்கு: மலையகத்தில் போதை என்றால் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும் கடைச் சாராயமும்தான் நினைவுக்கு வரும். தள்ளாட்டம், நெடி, குழறும் பேச்சு. ஐஸ் பாவிக்கும் பையனிடம் இவை ஒன்றும் இருக்காது. இரண்டு இரவு உறங்காமல், பல்லைக் கடித்தபடி, லயத்து அறையில் பழைய வானொலியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான். பசி என்று கேட்க மாட்டான். குடிக்காத பிள்ளை, ஏதோ வேலை பழகுகிறான் என்று தாய் நிம்மதியாக இருந்துவிடுவாள்.

ஆகவே ‘நரம்புமுடுக்கி’. மெத்தம்பெட்டமைன் உடலுக்குப் புது வலு எதையும் தருவதில்லை; நரம்பு முனைகளில் இருக்கும் டோப்பமைன், நோரட்ரினலின் என்னும் செய்தி கடத்தும் இரசாயனங்களை ஒரேயடியாகக் கொட்டவைக்கிறது. நாடித் துடிப்பு, குருதி அமுக்கம், உடல் வெப்பம் எல்லாம் ஏறுகின்றன. நெடுநாள் பாவித்தால் இதயத் தசை நலியும். இளவயதிலேயே பக்கவாதம் வரலாம். கொக்கெய்னின் வழி வேறு. வெளிவந்த டோப்பமைன் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதை அது தடுக்கிறது. முடுக்கம் மட்டும் ஒன்றே. அப்படியானால் நம் தேயிலையில் உள்ள கஃபீனும் முடுக்கிதானே என்று குறும்பாகக் கேட்பீர்கள். ஆம், வகை அதுதான். வீரியம் வெகு தொலைவு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடும் கஃபீன், கொக்கெய்ன், அம்பெட்டமைன் வகை மூன்றையும் தனித்தனித் தலைப்புகளில்தான் வைத்திருக்கிறது.

கிளைச் சொற்களுக்கு வருகிறேன். முடுக்கியைப் பயன்படுத்துவதை நிறுத்த முடியாத நிலைக்கு ‘முடுக்கிப் பாவனைக் கோளாறு’ என்றால் தமிழகத்து நண்பர்களுக்குப் ‘பாவனை’ நடிப்பாக ஒலிக்கும். இங்கே அதுதான் வழக்கு, விட்டுக்கொடுக்க மாட்டேன். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும் இல்லாத குரல்களும் வரும் நிலைக்கு ‘முடுக்கிவழி உளப்பிறழ்வு’. நிறுத்தியதும் வரும் நெடுந்தூக்கத்துக்கும், தற்கொலை எண்ணம் வரை போகக்கூடிய மனச்சோர்வுக்கும் சேர்த்து ‘விடுகைத் துன்பம்’.

கடைசிச் சொல்லில்தான் சிக்கல். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றிச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதற்கு ‘ஊர்வுணர்ச்சி’ என்று எழுதியிருந்தேன். கொழுந்து பறிப்பவர் காலில் அட்டை உண்மையாகவே ஊருகிறது; அவருக்கு இது நோயாகத் தெரியாது. ‘பொய்யூர்வு’ என்று மாற்றலாமா? மருத்துவம் படித்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள், பிரசுரம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.