பாலிடனல் தக்காளியின் நுனி இலைகள் சுருள்கின்றன – அவசர உதவி தேவை

கொடிப்பந்தல்
பாலிடனலில் (பாலித்தீன் போர்த்திய வளைவுக் குடிலில்) நட்ட தக்காளியின் நுனி இலைகள் சுருண்டுகொண்டே போகின்றன. நட்ட புதிதில் நன்றாகத்தான் இருந்தன. தண்ணீர் ஒழுங்காக ஊற்றுகிறேன், உரமும் போட்டிருக்கிறேன். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது கத்தரியிலும் தொடங்கியிருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? இந்த ஆண்டு சீக்கிரம் காய் பறிக்க வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் முன்கூட்டியே தொடங்கினேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஓசூர்க் குடில்
இலைச்சுருட்டு நச்சுயிர். சந்தேகமே வேண்டாம். வெள்ளை ஈ பரப்புவது இது. நோய்க்கு மருந்து கிடையாது. தாக்கிய செடிகளைப் பிடுங்கிக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். பக்கவாட்டில் பூச்சிவலை இருக்கிறதா? வாசலுக்கு இரட்டைக் கதவு உண்டா? என்ன ரகம்?

தேம்ஸ்கரை
எந்த ஊர் என்று முதலில் சொல்லுங்கள். இலை மேல்நோக்கிச் சுருள்கிறதா, கீழ்நோக்கியா? அடியிலை எப்படி இருக்கிறது? இரவில் உள்ளே எத்தனை டிகிரி? "உரம்" என்றால் எந்த உரம்? படம் போட முடியுமா?

மூத்தவன்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்காமல் "அவசரம்" என்று எழுதினால் எப்படி? பாலிடனல், சீக்கிரம் என்கிறபோதே குளிர் நாடு என்று தெரிகிறது. காரணமும் குளிர்தான். ஒற்றை பாலித்தீன் பகல் வெயிலைப் பிடிக்கும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் அந்த வெப்பத்தைக் காக்காது. விடியும் நேரத்தில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். தக்காளிக்கு இரவில் 10 டிகிரியாவது வேண்டும். பிப்ரவரியில் விதைத்து மார்ச்சில் பாத்தியில் நடுகிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். மருந்து தேவையில்லை, பொறுமைதான் தேவை.

கொடிப்பந்தல்
இங்கிலாந்து, கென்ட். அலாட்மெண்டில், அதாவது காய்கறி வளர்க்க வாடகைக்கு எடுத்த சிறு நிலத்தில், உள்ள பாலிடனல். விதைத்தது பிப்ரவரி தொடக்கத்தில், வீட்டுக்குள். இரவில் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைக்கிறேன், மேலே ஃபிளீஸ் துணி போர்த்துகிறேன். குறைந்த வெப்பநிலை 8, 9 டிகிரி. இலை கிண்ணம் போல மேல்நோக்கிக் குவிகிறது. அடியிலை சரியாக இருக்கிறது.

தேம்ஸ்கரை
ஹீட்டரைத்தான் சந்தேகிக்கிறேன். மண்ணெண்ணெய் சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வாயு வரும். அடைத்த இடத்தில் மிகக் குறைந்த அளவே தக்காளியைக் கெடுத்துவிடும். திரியை வெட்டிச் சீராக்குங்கள். மேல் சாளரத்தைச் சிறிது திறந்தே வையுங்கள். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உள்ளே சேர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சாம்பல் பூஞ்சணத்துக்கு அதுவே போதும்.

திண்டுக்கல் பாத்தி
எத்திலீன் பாதிப்பில் இலைக்காம்பு கீழே வளையும். இலைப்பரப்பின் வடிவம் பெரும்பாலும் கெடாது. இவர் நுனி இலை குவிகிறது என்கிறார். எங்கள் பக்கம் இப்படி வந்தால் முதலில் தெளிப்பானைத்தான் விசாரிப்போம். சோளத்தில் களை கொல்ல 2,4-டி அடித்துவிட்டு, அதே தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் தக்காளிக்கு எடுத்துவந்தால் இலை பெரணி போலக் குறுகி, நரம்புகள் இணைகோடுகளாக ஓடும். பருத்தியும் இப்படித்தான் கெடும். நீங்கள் ஏதாவது தெளித்தீர்களா? பக்கத்தில் யாராவது களைக்கொல்லி அடித்தார்களா?

கொடிப்பந்தல்
எதுவும் தெளிக்கவில்லை. புதுத் தெளிப்பான், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

வன்னிமண்
தம்பி, பசளை என்ன போட்டீர்கள் என்று தேம்ஸ்கரை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. குதிரை எருவா?

மூத்தவன்
பிப்ரவரி விதைப்புதான் பிரச்சினை என்று முன்பே சொன்னேன். கென்டிலும் மே நடுப்பகுதி வரை உறைபனி வரலாம். ஹீட்டருக்குச் செலவழிக்கும் காசுக்குக் கடையில் தக்காளி வாங்கலாம். முன்பருவத்தில் பாலிடனலில் போட வேண்டியது கீரை, முள்ளங்கி, பட்டாணி, முன்பட்ட உருளைக்கிழங்கு. தக்காளி ஏப்ரல் கடைசியில் போனால் போதும்.

கார்டிஃப் கத்தரி
இதை நான் ஏற்கவில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் பருவம் நீளமாக வேண்டும். பிப்ரவரியில் விதைக்காவிட்டால் இங்கே காய் பிடிக்கும்போது செப்டம்பர் வெளிச்சம் குறைந்துவிடும். விதைப்பது சீக்கிரம் இருக்கலாம், நடுவதுதான் தள்ளிப்போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் புதிதாக வருபவர்கள் கத்தரியையே கைவிட்டுவிடுவார்கள்.

மூத்தவன்
இங்கே பேச்சு தக்காளியைப் பற்றி.

கார்டிஃப் கத்தரி
கத்தரியிலும் சுருள்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் பதிவை முழுவதும் படியுங்கள்.

ஓசூர்க் குடில்
இங்கிலாந்து என்று தெரியாது. மார்ச்சில் அங்கே வெள்ளை ஈ இருக்காது என்றால் என் பதிலை விட்டுவிடுங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: எல்லாச் செடியிலும் ஒரே மாதிரியா, அங்கொன்று இங்கொன்றா? நச்சுயிர் என்றால் சிதறித்தான் தொடங்கும்.

கொடிப்பந்தல்
பாத்தியில் எல்லாச் செடியிலும். குதிரை எருதான், பக்கத்துக் குதிரை லாயத்தில் இலவசமாகக் கிடைத்தது, இரண்டு பாத்தியிலும் கொத்திப் போட்டேன். நன்றாக மக்கியது. மீந்த நாற்றுகள் கடையில் வாங்கிய கலவையில், தொட்டிகளில், அதே பாலிடனலின் மேசைமேல் இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றுமில்லை.

வன்னிமண்
மேசைமேல் இருப்பவைதான் விடை. அதே விதை, அதே குளிர், அதே ஹீட்டர், அதே காற்று. வேறுபடுவது வேர் இருக்கும் இடம் மட்டும்.

நான் சந்தேகிப்பது அமினோபைரலிட். மேய்ச்சல் நிலத்தில் முட்செடி, காஞ்சொறி போன்ற அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் மருந்து. புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லையோ, அதை உலர்த்திய தீவனத்தையோ குதிரை தின்றால் மருந்து உடைபடாமல் சாணத்தோடு வெளியே வரும். எரு மக்கிக் கறுத்திருந்தாலும் உள்ளே இருக்கலாம். தக்காளி, உருளைக்கிழங்கு, பட்டாணி, பீன்ஸ் எல்லாம் மிக எளிதில் பாதிக்கப்படும். 2008இல் பிரிட்டனில் ஏராளமான அலாட்மெண்ட்களில் இது நடந்து, மருந்துக்கான அனுமதியையே நிறுத்திவைத்தார்கள். பிறகு நிபந்தனைகளோடு திரும்ப வந்தது. லாயக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். உலர்புல் வேறெங்கோ வாங்கியதாக இருக்கும்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சில தொட்டிகளில் அந்த எருவைக் கடைக் கலவையோடு பாதிப் பாதியாகக் கலந்து நிரப்புங்கள். சில தொட்டிகளில் கடைக் கலவை மட்டும். இரண்டிலும் பிராட் பீன்ஸ் விதையுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித் தட்டு வையுங்கள். வடியும் நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் சோதனை பாழ். முதல் இலைகளை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அடுத்த சில இலைகள் விரியும்வரை காத்திருங்கள்.

திண்டுக்கல் பாத்தி
இதுதான். 2,4-டியும் இதுவும் ஒரே வகை, செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிப்பவை. அடையாளங்கள் ஒத்துப்போவது அதனால்தான்.

மூத்தவன்
நன்றாக மக்கிய எருவை ஆண்டுக்கணக்காகப் போடுகிறேன், ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை. குதிரை எருவைப் பார்த்துப் பயப்படத் தொடங்கினால் அப்புறம் மூட்டை உரம்தான் மிஞ்சும்.

வன்னிமண்
பயப்படச் சொல்லவில்லை, ஐயா. வாங்குமுன் உலர்புல் எங்கிருந்து வந்தது, அந்த நிலத்தில் என்ன அடித்தார்கள் என்று கேட்கச் சொல்கிறேன். தெரியாது என்றால் இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் போடலாம். நல்ல எரு கிடைப்பது பெரிய வரம்; அதற்காகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கார்டிஃப் கத்தரி
மேசைமேல் இருக்கும் நாற்றுகளைப் பாத்திக்கு மாற்றிவிடாதீர்கள். பெரிய தொட்டியிலோ, வளர்ப்புப் பையிலோ வைத்தால் இந்தப் பருவத்தை முழுவதும் இழக்க வேண்டியதில்லை.

கொடிப்பந்தல்
எல்லோருக்கும் நன்றி. பீன்ஸ் சோதனை முடிந்தது. எரு கலந்த தொட்டிகள் எல்லாவற்றிலும் இலை குவிந்துவிட்டது, மற்றவை நேராக நிற்கின்றன. மேசை நாற்றுகளைப் பைகளுக்கு மாற்றினேன். லாயத்தில் சொல்லிவிட்டேன். பாத்தியை என்ன செய்வது?

வன்னிமண்
எருக் கட்டிகள் தெரிந்தால் பொறுக்கி எடுங்கள். பிறகு மண்ணை அடிக்கடி கிளறிவிடுங்கள், ஈரம் காயவிடாதீர்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தான் இதை உடைக்கும், அவற்றுக்குக் காற்றும் வெப்பமும் வேண்டும். இந்த ஆண்டு அங்கே மக்காச்சோளம் போடலாம், புல்லினம் தாங்கும். அதன் தட்டையைக் கம்போஸ்ட் குவியலில் சேர்க்காதீர்கள். மீதி எருவை வேறு யாருக்கும் கொடுக்காமல் லாயத்துக்கே திருப்பிக் கொடுங்கள், அவர்கள் தங்கள் புல்வெளியில் பரப்பலாம். அடுத்த வசந்தத்தில் தக்காளி வைக்குமுன் அந்த மண்ணிலேயே மறுபடி பீன்ஸ் விதைத்துப் பாருங்கள்.

லெஸ்டர் அவரை
எனக்கும் இதே சுருட்டல், ஆனால் நான் எரு போடவில்லை. மூட்டையில் வரும் கலவை மட்டும்தான். என்ன செய்வது?

தேம்ஸ்கரை
எந்தச் செடி, எப்போது நட்டீர்கள், ஹீட்டர் உண்டா? அந்தக் கலவையில் தோட்டக்கழிவுக் கம்போஸ்ட் சேர்த்திருக்கிறதா என்று மூட்டையில் பாருங்கள். புதிய இழை தொடங்கிப் படத்தோடு போடுங்கள்.