லு மில்லியோன் படம் நல்ல பிரிண்ட்ல எங்க கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே, பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் 1931ல எடுத்த லு மில்லியோன் படத்த ஒரு மங்கலான பிரிண்ட்ல பார்த்தேன், பாதியிலயே சப்டைட்டில் நின்னு போச்சு. பாரிஸ்ல கடன்ல தவிக்கிற ஓவியனுக்கு லாட்டரி அடிக்குது, ஆனா சீட்டு இருந்த பழைய கோட்ட அவன் காதலி போலீஸுக்கு பயந்து ஓடிவந்த ஒருத்தருக்கு குடுத்துட்டா, அது கைமாறி கைமாறி ஆப்பரா மேடை வரைக்கும் போயிடுது. அங்க ஒருத்தர ஒருத்தர் பிடிக்காத ரெண்டு பாடகர்கள் காதல் டூயட் பாட, செட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்குற ஓவியனும் காதலியும் சண்டைய மறந்து சேருறாங்களே, அந்த சீன் அவ்ளோ அழகு!

சப்டைட்டிலோட முழுசா பார்க்க வழி தெரிஞ்சா சொல்லுங்க. இதுக்கு மூலமான மேடை நாடகம், ஜார்ஜ் பெர், மார்செல் கியெமோ ரெண்டு பேரும் எழுதினது, இங்கிலீஷ்ல யாராச்சும் படிச்சிருக்கீங்களா?