ரொறன்ரோவில் எஞ்சின் வேலைக்கு நம்பகமான மெஷின் ஷாப்

புதிதாக வந்து பழைய கார் வாங்கியவர்களுக்கு, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று கராஜில் சொன்னவுடன் விலையைப் பற்றித்தான் பேசத் தோன்றும். அதற்கு முன், சிலிண்டர் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பகுதியை, எந்த மெஷின் ஷாப்புக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். இங்குள்ள கராஜ்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதோடு சரி. ஹெட்டின் பரப்பைச் சீவிச் சமன் செய்வது, சிலிண்டரைக் குடைந்து போர் போடுவது, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைக் கிரைண்ட் செய்வது எல்லாம் ஊரில் லேத் பட்டறைக்குப் போவதுபோல் வெளியே போகும். எங்கே போகிறது என்று சொல்லத் தயங்கும் கராஜை நான் தவிர்ப்பேன்.

நல்ல மெஷின் ஷாப் சீவுவதற்கு முன் அளக்கும். ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யும். நேர்விளிம்பையும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து வளைவைப் பார்க்கும். பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மி.மீ. அளவிலேயே இருப்பதால், கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பில்லை. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேலே அமைந்த அலுமினிய ஹெட் சூட்டில் வளையும்போது கேம் உட்காரும் துளைகளும் சேர்ந்து வளையக்கூடும் என்பதால், அடிப்பக்கத்தை மட்டும் சீவி அனுப்பினால் கேம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதை நீங்கள் கேட்காமலே எடுத்துச் சொல்பவர் தொழில் தெரிந்தவர். அதுபோல, புதிய பிஸ்டன்களைக் கையில் வாங்கி ஒவ்வொன்றையும் அளந்த பிறகே சிலிண்டரை இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டன் இல்லாமலே வேலையை முடித்துத் தருகிறேன் என்று அவசரப்படுத்துபவரிடம் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் அடிப்பகுதியை) ஒப்படைக்க வேண்டாம். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. எழுத்துமூல மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். இறுதிக் கட்டணம் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. புதிய அல்லது புதுப்பித்த உதிரிப்பாகங்களுக்கும் அவற்றைப் பொருத்திய வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்பவர் நம் ஆளாகவே இருந்தாலும், நாளை இந்த உத்தரவாதத்தைக் கேட்க உங்கள் கையில் சான்று இருக்காது. மெஷின் வேலைக்கான தொகையும் அதே பில்லில் தனி வரியாக வரட்டும். எஞ்சினைக் கழற்றுபவர் 310எஸ் எனும் கார் மெக்கானிக் சான்றிதழ் பெற்றவரா என்பதை தொழிற்சான்றிதழ் வழங்கும் அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். ஆனால் அது மெஷின் ஷாப்பின் தரத்தைச் சொல்லாது.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய சாதாரணக் காராக இருந்தால், கூலி மிகுந்த இந்நாட்டில் முழு மறுசீரமைப்பைவிட, உடைக்கும் யார்டிலிருந்து வரும் பழைய எஞ்சின் மலிவாக முடியக்கூடும். இரண்டுக்கும் மதிப்பீடு வாங்கி ஒப்பிடுங்கள். யார்ட் எஞ்சின் என்றால், அது வந்த காரின் வின் எண்ணையும் (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) ஓடிய கிலோமீட்டரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.