மே 1968: விடுதி விதியை எதிர்த்த போராட்டம் எப்படிப் பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது?

கேள்வி:
பிரான்சின் 1968 மே எழுச்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாரிசின் மேற்குப் புறநகரான நான்தேரில், மாணவியர் விடுதிக்குள் மாணவர்கள் செல்லக் கூடாது என்ற விதியை எதிர்த்து, 1967 மார்ச்சில் சிலர் அந்த விடுதிக்குள் புகுந்து அமர்ந்ததில் கதை தொடங்குகிறது. மறு ஆண்டு மே மாதக் கடைசியில் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். அந்தக் கோபம் விடுதியிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? 1986இல் மாணவர்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கி ஒரு சட்ட முன்வரைவையே திரும்பப் பெற வைத்தும், அது மட்டும் ஏன் மாணவர்களோடு நின்றுவிட்டது?

முதல் பதில்:
விடுதி விதியைத் தொடக்கமாகக் கொள்வதால்தான் அந்தக் கண்ணி விடுபடுகிறது என்று நினைக்கிறேன். 1960இல் சுமார் இரண்டு இலட்சமாக இருந்த பல்கலைக்கழக மாணவர்களின் எண்ணிக்கை 1968இல் ஐந்து இலட்சத்தை எட்டியிருந்தது. அந்த நெரிசலைத் தணிக்க 1964இல் அவசரமாகத் திறக்கப்பட்டதுதான் நான்தேர் வளாகம். அதற்கு மிக அருகிலேயே வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் குடிசைப் பகுதி இருந்தது. வகுப்பில் சமத்துவமின்மையைப் பற்றிக் குறிப்பெடுத்த சமூகவியல் மாணவர், அந்தத் தகரக் கூரைகளையும் சேற்றையும் பார்த்தபடிதான் வீடு திரும்பினார். வியட்நாம் போருக்கு எதிரான போராட்டத்தில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அலுவலகத்தைத் தாக்கியதாகச் சிலர் கைதானபோது, 1968 மார்ச் 22 அன்று ஏறத்தாழ 150 பேர் நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறி, பேராசிரியர்களின் அவைக்கூடத்தில் அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர்தான், பின்னர் மே எழுச்சியின் முகமாகவே அறியப்பட்ட மாணவர் டேனியல் கோன்-பெந்தி.

இருந்தும் அவர்கள் சிறு கூட்டமாகவே இருந்தார்கள். அவர்களைப் பெருங்கூட்டமாக்கியது அரசின் கைதான். மே 3, வெள்ளிக்கிழமை, சொர்போன் பல்கலைக்கழக முற்றத்துக்குள் காவல்துறை புகுந்து, அங்கே கூடியிருந்தவர்களை வண்டிகளில் ஏற்றியது. எந்த அமைப்பையும் சேராத மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “எங்கள் தோழர்களை விடுதலை செய்” என்று முழங்கியபடி அந்த வண்டிகளை மறித்தார்கள். மே 10 இரவு பாரிசின் கே-லுசாக் தெருவில் சாலைக் கற்களைப் பெயர்த்தெடுத்துத் தடுப்பரண்களை எழுப்பினார்கள். கண்ணீர்ப்புகையின் எரிச்சலைத் தணிக்க அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிச் சன்னல்களிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். விடியும்வரை வானொலிச் செய்தியாளர்கள் அங்கிருந்தே நேரலையில் பேசிக்கொண்டிருந்ததால், தடியடியின் சத்தம் நாடெங்கும் வீடுகளுக்குள் கேட்டது. இந்த இரவைத் தாண்டி வேறொரு கண்ணியைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் பதில்:
முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மாணவர்கள் மூட்டிய தீ தொழிலாளர்களைப் பற்றிக்கொண்டது என்று சொன்னால், தொழிலாளர்கள் அதுவரை சும்மா இருந்ததாகப் பொருள்பட்டுவிடும். 1968 சனவரியிலேயே நார்மண்டியின் கான் நகரில் இளந்தொழிலாளர்கள் காவல்துறையோடு இரவெல்லாம் மோதியிருக்கிறார்கள். மே 10 இரவின் தடியடியைக் கண்டித்து மே 13 அன்று தொழிற்சங்கங்கள் அழைத்தது ஒருநாள் வேலைநிறுத்தத்துக்குத்தான். மறுநாள் நாந்த் நகரை ஒட்டிய பூகெனேயில், சூத்-அவியாசியோன் விமானத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் வாயிற்கதவுகளை அடைத்து, மேலாளரையும் உள்ளேயே இருத்திக்கொண்டார்கள். அடுத்து கிளேயோனில் இருந்த ரெனோ கார் ஆலை நின்றது. அதன்பின் மேலிடத்து உத்தரவுக்கு யாரும் காத்திருக்கவில்லை. பியான்கூர் ரெனோ ஆலைக்கு மாணவர்கள் ஊர்வலமாகப் போனபோது, சங்கத்தார் அவர்களை உள்ளே விடவில்லை. மே 27 அன்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்புப் பேச்சில், குறைந்தபட்சக் கூலியை 35 சதவீதம் உயர்த்தும் கிரெனெல் உடன்பாடு எட்டப்பட்டது. அதே ஆலையின் தொழிலாளர்கள் அதற்கும் இணங்காமல் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தார்கள். மாணவர்கள், தொழிலாளர்கள் இருவருக்கும் எதிரி ஒன்றாக இருந்தாலும் கோரிக்கைகள் வேறு. இதை மறைத்து எழுதுவது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வானொலியின் பங்கை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. 1986 பற்றியும் யாரேனும் விளக்கினால் நல்லது.

மூன்றாம் பதில்:
1986இல் மாணவர்கள் எதிர்த்தது அமைச்சர் ஆலன் தெவாக்கேயின் முன்வரைவை. பல்கலைக்கழகங்களே மாணவர்களை வடிகட்டிச் சேர்க்கவும், தனித்தனியாகக் கட்டணம் வசூலிக்கவும் அது வழி திறக்கும் என்று அஞ்சினார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று என்பதால், அது நிறைவேறியதும் வீடு திரும்ப முடிந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. டிசம்பர் 5 நள்ளிரவைத் தாண்டிய வேளையில், மோட்டார் சைக்கிளில் வந்த காவலர்கள் மாலிக் உசெகின் என்ற 22 வயது மாணவரை பாரிசின் முசியே-ல-பிரின்ஸ் தெருவில் துரத்தினார்கள். அவர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டவர் அல்லர். ஒரு வீட்டின் நுழைகூடத்துக்குள் ஒதுங்கியவரை அங்கேயே அடித்துப் போட்டார்கள், அவர் இறந்தார். தெவாக்கே பதவி விலகினார். டிசம்பர் 8 அன்று பிரதமர் ஷாக் சிராக் முன்வரைவைத் திரும்பப் பெற்றார். காவலர்கள் இருவருக்கும் 1990இல் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைதான். இன்று படித்தாலும் மனம் ஆறவில்லை.

அது மாணவர்களோடு நின்றுவிட்டது என்பதை மட்டும் திருத்த விரும்புகிறேன். மாணவர்கள் கட்சிகளையும் சங்கங்களையும் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு கல்லூரியின் பொதுக்கூட்டமும் பிரதிநிதிகளை அனுப்பும் ஒருங்கிணைப்புக் குழுவைக் கொண்டு போராட்டத்தை நடத்தினார்கள். முன்வரைவு விலக்கப்பட்டுப் பத்து நாள் கழித்து ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அவர்களும் சங்கத் தலைமைக்கு வெளியே அதே போன்ற குழுக்களை அமைத்துக்கொண்டார்கள்; அந்தப் போராட்டம் 1987 சனவரி வரை நீடித்தது.